ஒன்றேகால் ஏக்கரும் ஓர் ஏரியும்

திண்டிவனம் என்னும் பெயர் திந்திரிணீவனம் என்பதிலிருந்து வந்தது என்பர். புளியமரக் காடு என்பது அதன் பொருள். ஊரிலுள்ள பழைய சிவாலயத்தின் இறைவனும் திந்திரிணீஸ்வரர்தான். ஓர் ஊர் தன்னையே புளியமரத்தால் அடையாளப்படுத்திக்கொண்டிருக்க, தாவரவியலாளர்களோ புளியின் தாயகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள். எந்தக் காலத்திலோ கடல்கடந்து வந்து இங்கே வேர்பிடித்து, அரேபியர்கள் 'இந்தியப் பேரீச்சை' என்று அழைக்கும் அளவுக்கு இந்த நாட்டுக்கே உரியதாகிவிட்ட மரம் அது.

எங்கள் பகுதியின் இன்னொரு அடையாளம் வேர்க்கடலை. இங்கே அதற்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பது பேச்சில் தேய்ந்து அப்படி ஆயிற்று. தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர், பிலிப்பைன்ஸ் தீவின் துறைமுகப் பெயரைச் சுமந்துகொண்டு எங்கள் செம்மண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் ஊர்ப்பெயரைக் குறிக்கும் டி.எம்.வி. என்ற எழுத்துகளைத் தாங்கியவை. 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 ஆந்திர, கர்நாடக மானாவாரி நிலங்களிலும் பல பத்தாண்டுகள் விளைந்தது. மணிலாவின் பெயரோடு வந்த பயிர் திண்டிவனத்தின் பெயரோடு வெளியூர் போயிற்று.

இவற்றை முதலில் சொல்வதற்குக் காரணம், எங்களைப் பார்க்க வரும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி. "தற்சார்பு வாழ்க்கை வாழ்கிறீர்களாமே, முழுவதும் முடிகிறதா?" என்பார்கள். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடையே ஒரு சிற்றூரில், ஒன்றேகால் ஏக்கரில், நாங்கள் ஐந்து பேர் வாழ்கிறோம்: கணவன், மனைவி, இரு பிள்ளைகள், அத்தை. 2014-இல் இந்த நிலத்துக்கு வந்தோம். பத்தாண்டுகளுக்கு மேலாக எங்களால் இயன்ற உணவை நாங்களே விளைவித்துக்கொள்கிறோம். நண்பர்களின் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்வது இயலாது. தற்சார்பு என்னும் சொல்லில் 'தன்' எதுவரை நீள்கிறது என்பதையே முதலில் பேசவேண்டியிருக்கிறது.

பெர்மகல்ச்சர் என்ற சொல்லை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் உருவாக்கினார்கள். அவர்களுடைய முதல் நூல் 1978-இல் வெளிவந்தது. நிரந்தரம், வேளாண்மை என்னும் இரு சொற்களின் இணைப்பு அது. காடு தன்னைத் தானே பேணிக்கொள்வதைப் போல, மனிதனுக்கு உணவளிக்கும் நிலத்தையும் வடிவமைக்க முடியுமா என்பது அவர்களின் வினா. ஹோம்கிரென் வெறும் ஏட்டளவில் நின்றவர் அல்லர். 1985 முதல் விக்டோரியா மாநிலத்தில் ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் நிலத்தில் தம் குடும்பத்துடன் அதைச் செய்துகாட்டினார்.

அவர்கள் முன்வைத்த கருத்துகளில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது மண்டலங்கள் என்பது. வீடு நடுப்புள்ளி. அன்றாடம் கை படவேண்டிய கீரையும் காயும் முதல் மண்டலம். கோழியும் பழமரங்களும் இரண்டாவது. தானியம் விளையும் வயல் மூன்றாவது. விறகுக்கும் மேய்ச்சலுக்குமான பகுதி நான்காவது. மனிதன் கைவைக்காமல் விட்டுவிடும் காடு ஐந்தாவது. ஒரு நாளில் எத்தனை முறை ஓரிடத்துக்குக் கால் போகிறதோ அதைப் பொறுத்து அது வீட்டுக்கு அருகிலோ தொலைவிலோ அமைய வேண்டும். கேட்கும்போது மிக எளிது. கடைப்பிடித்தால் ஆண்டுக்குப் பல நூறு மணி நேர நடை மிச்சமாகும்.

இதைப் படித்த பிறகு எங்கள் ஊரை ஒருமுறை சுற்றிவந்தபோது ஒன்று புலப்பட்டது. இந்த மண்டலங்களுக்கெல்லாம் எங்கள் மக்களிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. வீட்டை ஒட்டிப் புழக்கடை. அதைத் தாண்டினால் கொல்லை. ஏரிப் பாசனத்தில் கழனி. அப்பால் ஆடுமாடு மேய மேய்க்கால் புறம்போக்கு. எல்லையில் அய்யனாரின் கோயில்காடு. மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி இன்றும் நிற்கும் காடு அத்தகையது. இக்கடற்கரைப் பகுதிக்கே உரிய, வறண்ட நிலத்திலும் இலையுதிர்க்காத பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. வீரை, பாலை, காட்டு எலுமிச்சை போன்ற மரங்களின் விதைக்கு இன்று காடு வளர்ப்போர் இத்தகைய கோயில்காடுகளைத்தான் நாடிச் செல்கிறார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மாலிசனின் வரைபடத்தில் ஐந்து மண்டலங்களும் ஒரே குடும்பத்தின் வேலிக்குள் அடங்கிவிடுகின்றன. எங்கள் ஊரில் புழக்கடையும் கொல்லையும் கழனியும்தான் குடும்பத்துக்குரியவை. மேய்க்காலும் காடும் ஊருக்குரியவை. எல்லாவற்றுக்கும் நீர் தரும் ஏரியும் அப்படியே. ஒன்றேகால் ஏக்கர் வைத்திருப்பவரால் வேலிக்குள் காடு வளர்க்க இயலாது. அவருடைய நான்காம், ஐந்தாம் மண்டலங்கள் ஊரிடம் இருக்கின்றன. ஊர் அவற்றை இழந்தால் அவரும் இழப்பார்.

எங்கள் நிலக்கணக்கு இது. மொத்தம் 125 சென்ட். வீடும் மாட்டுக்கொட்டகையும் 10 சென்ட். காய்கறிப் பாத்திகள் 15. மா, பலா, கொய்யா, முருங்கை, பப்பாளி, மரவள்ளி எல்லாம் கலந்த தோப்பு 25. மல்லாட்டை 30. கேழ்வரகும் அதனூடே தட்டைப்பயறும் துவரையும் 35. எஞ்சிய 10 சென்டில் சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் வெட்டிய அகழிகளும் வரப்பும் பதினொரு பனைகளும் உள்ளன. ஒரு பசு, ஒரு கன்று, பத்துப் பன்னிரண்டு கோழிகள்.

வீட்டில் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறோம். இடப்பக்கம் நிலம் தந்தது, வலப்பக்கம் வாங்கியது. காய், கீரை, பழம், பால், முட்டை ஆகியவற்றில் வலப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. மல்லாட்டையைக் காயவைத்து உடைத்துச் செக்கில் ஆட்டினால் நல்ல ஆண்டில் 40 லிட்டருக்குக் குறையாமல் எண்ணெய் கிடைக்கிறது. புண்ணாக்கு பசுவுக்கு. கேழ்வரகு சுமார் 200 கிலோ. ஐவருக்கு ஆண்டுக்கு வேண்டிய தானியம் ஏறத்தாழ 450 கிலோ என்பதால் அரிசியைப் பக்கத்துக் கழனிக்காரரிடம் நெல்லாக வாங்குகிறோம். உப்பு மரக்காணத்து உப்பளங்களிலிருந்து வருகிறது. வெல்லமும் துணியும் மருந்தும் மின்சாரமும் பிள்ளைகளின் படிப்பும் முழுக்க வலப்பக்கம். அந்தப் பக்கத்தைத் தாங்குவது எங்களில் ஒருவர் திண்டிவனத்தில் பார்க்கும் ஆசிரியப் பணியின் ஊதியம். இதை மறைத்துவிட்டு இயற்கை வாழ்வைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. நிலத்தை மட்டுமே நம்பி, இதே அளவில் வாழும் அண்டை வீட்டாருக்கு அத்தகைய காப்பு ஏதுமில்லை.

மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கிருந்து கிழக்கே, வானூர் வட்டத்தில் ஆரோவில் அமைந்த மேட்டுநிலம் 1968-இல் ஏறக்குறைய மரமற்ற செம்மண் பொட்டலாக இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓடைகளில் அரித்துச் சென்று கடலைச் சிவப்பாக்கியது. அங்கு வந்தவர்களும் சுற்றுவட்டக் கிராமத்தவரும் சேர்ந்து வரப்பெடுத்து, நீரைத் தேக்கி, மரம் நட்ட வரலாறு பலரும் அறிந்தது. அதன் ஒரு மூலையில், சுமார் ஒன்பது ஏக்கர் கூழாங்கல் தரிசில், தீபிகா குண்டாஜியும் பெர்னார்ட் டெக்ளெர்க்கும் 1994-இல் தொடங்கியதுதான் கூழாங்கல் தோட்டம் எனப் பொருள்படும் 'பெபிள் கார்டன்'. வெளியிலிருந்து எருவோ மண்ணோ கொண்டுவராமல், ஆஸ்திரேலிய அக்கேசியா மரங்களை முதலில் வளரவிட்டு, அவற்றின் இலைமட்கையும் கரித்தூளையும் கொண்டே மண்ணை உண்டாக்கினார்கள். மண் வந்த பின் அவர்கள் சேர்த்தவை நாட்டுக் காய்கறி விதைகள். சேர்த்ததோடு நில்லாமல் பிறருக்கும் பகிர்ந்தார்கள். அதே ஆரோவில்லில் 1996 முதல் 'சாலிட்யூட்' பண்ணையை நடத்திவரும் கிருஷ்ணா மெக்கென்சி, வேலியோரத்தில் தானாக முளைக்கும் கீரைகளும் தண்டுகளும் உணவுதான் என்பதைத் தமிழிலேயே ஓயாமல் சொல்லிவருகிறார். இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் பிரண்டையின் பெருமையைச் சொல்லிக் கேட்கும் நிலையில் நாம் இருப்பது வேறு கதை.

மெக்கென்சிக்கு ஆசான் ஜப்பானின் மசானபு ஃபுகுவோகா. எங்கள் தலைமுறையில் இயற்கை வேளாண்மைக்கு வந்த பலரையும் போல நாங்களும் அவரைப் படித்தே வந்தோம். உழவே வேண்டாம் என்பது அவர் கொள்கை. வள்ளுவரோ உழவு அதிகாரத்தில், ஒரு பலம் புழுதி கால் பலமாகச் சுருங்கும் அளவுக்கு உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் தேவைப்படாது என்கிறார். இரண்டுமே உற்றுநோக்கலிலிருந்து பிறந்தவை. ஆண்டெல்லாம் ஈரம் தங்கும் ஷிகோகு தீவின் மண் ஒன்று. மாதக்கணக்கில் வெயிலில் வெடித்துக் கிடந்து, கோடைமழையில் ஒரே மூச்சில் நீரை உறிஞ்சும் நம் மண் இன்னொன்று. மேலும், ஃபுகுவோகா வயலில் பரப்பிய வைக்கோல் எங்கள் ஊரில் மாட்டின் உணவு. அதை மண்ணில் போடுவது பசுவின் வாயிலிருந்து பிடுங்குவதற்குச் சமம். போட்டாலும் கறையான் சில வாரங்களில் முடித்துவிடும். எனவே மல்லாட்டை நிலத்தில் கோடையுழவு செய்கிறோம். காய்கறிப் பாத்திகளிலும் தோப்பிலும் உழாமல், உதிர்ந்த இலைகளாலும் களைச்செடிகளாலும் மல்லாட்டைத் தோலாலும் மூடாக்கு இடுகிறோம். நூல்களை மதிப்பது என்பது அவற்றை நம் மண்ணிடம் விசாரித்து அறிவதும்தான்.

இத்தனையும் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்வின் ஒழுங்கு. அந்த ஒழுங்கை அளந்து பார்த்தது ஃபெஞ்சல் புயல்.

2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்து போயிருந்தால் அது எங்களுக்குப் பழகிய புயல்களில் ஒன்றாக இருந்திருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பலாவையும் முந்திரியையும் சாய்த்துச் சென்றதை இப்பகுதி மறக்கவில்லை. ஆனால் தானே காற்றால் அழித்தது. ஃபெஞ்சலோ கரையேறிய பிறகு பல மணி நேரம் ஏறக்குறைய நகராமல் நின்று பெய்தது. மறுநாள் காலை வெளியான கணக்கில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 100 சென்டிமீட்டர்தான். ஆண்டின் பாதி மழை ஒரே நாளில் இறங்கியது.

ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர். மயிலத்துக் கணக்கையே எங்களுக்கும் கொண்டால், ஒன்றேகால் ஏக்கரில் விழுந்தது 25 லட்சம் லிட்டருக்கும் அதிகம். எங்கள் அகழிகள் நிரம்பினால் 90,000 லிட்டர் கொள்ளும். சாதாரண ஐப்பசி மழைக்கு அவை போதும். ஒரு நாள் மழையைப் பிடித்துக் கிணற்றுக்கும் வேர்களுக்கும் அனுப்பிவிடும். அந்த இரவில் அவை முதல் சில மணி நேரத்திலேயே நிரம்பி, எஞ்சிய நீரைக் கரையோரம் மெதுவாக வழியவிட்டன. மண் அரிக்கவில்லை. அவை அமைக்கப்பட்ட வேலையைச் செய்தன. ஆனால் வழிந்த நீர் எங்கே போயிற்று? எங்கள் நிலத்திலிருந்தும் மேலேயுள்ள கொல்லைகளிலிருந்தும் அத்தனையும் வாய்க்காலில் இறங்கி ஏரிக்குத்தான் போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் வடிவமைப்புக்கு வேலையில்லை. ஊரின் வடிவமைப்புக்கே வேலை.

எங்கள் ஏரி சிறியது. அதன் கரைக்குக் கீழே கழனிகளும் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகளும் உள்ளன. விடியற்காலையில் ஏரி கோடி போகவேண்டிய இடத்தில் நீர் சீராக வெளியேறவில்லை. கலங்கலின் வாயைச் சீமைக்கருவேலம் அடைத்திருந்தது. கரையின் நடுவில் ஓரிடத்தில் ஊற்றுப்போல் கசிவு. தகவல் பரவியதும் வீட்டுக்கு ஒருவராக ஆண்களும் பெண்களும் வந்தார்கள். சிலர் இடுப்பளவு நீரில் நின்று முள்ளை வெட்டி இழுத்தார்கள். மற்றவர்கள் உரச்சாக்குகளில் மண் நிரப்பிக் கசிவை அடைத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து இருவர் சாக்கு சுமந்தோம். அத்தையும் பிள்ளைகளும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். நண்பகலுக்குப் பிறகு கோடி சீராகப் போயிற்று. கரை நின்றது. கரையின் பெரும்பகுதியைப் பிடித்துவைத்திருந்தவை எந்தத் தலைமுறையோ ஊன்றிய பனைமரங்கள்.

எல்லா ஊர்களுக்கும் அந்த நல்வாய்ப்பு இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளும் வயல்களும் நீரில் மூழ்கின. எங்கள் ஊரிலும் சம்பா நெல் சாய்ந்து முளைத்துப்போயிற்று. அந்த ஆண்டு எங்கள் அரிசி அண்டைக் கழனியிலிருந்து வரவில்லை, கடையிலிருந்து வந்தது. புத்தகத்தின் வலப்பக்கம் அதைக் குறிக்கையில் எங்களுக்கு அது அரிசியின் விலை. அண்டை வீட்டுக்கோ அது ஓராண்டின் வருமானம்.

எங்கள் இழப்பு விதைகளில் இருந்தது. கொட்டகையில் சாம்பலிட்டுக் கலயங்களில் வைத்திருந்த அவரை, பீர்க்கு, கத்தரி விதைகள் நனைந்து பூசணம் பிடித்தன. அவரை எங்களுக்கு அருமையானது. ஊதாக் கோடு போட்ட குட்டைக் காய். பத்தாண்டுகளாக ஆண்டுதோறும் எடுத்துவைத்த விதை. தை மாதத்தில் பக்கத்துக் கொல்லை ஆயா ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து கொடுத்தார். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலிருந்து போன அதே அவரைதான். "விதைய நாலு ஊட்ல வெச்சாதாம்மா நிக்கும். ஒரே ஊட்ல வெச்சா ஒரு மழைக்குப் பூடும்" என்றார். விதைவங்கிகளைப் பற்றி நாங்கள் படித்தவற்றின் சாரம் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது.

புயலுக்குப் பின் இரண்டு வகை மனிதர்கள் ஊருக்கு வந்தார்கள். சேதக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒரு வகை. மனைத் தரகர்கள் மற்றொரு வகை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய கொல்லைகள் ஏற்கெனவே கல் நட்ட மனைகளாகிவிட்டன. நெல் போன ஆண்டில் நிலத்தை விற்கும் எண்ணம் யாருக்கும் வரும். அதில் பழிசொல்ல ஒன்றுமில்லை. எங்களிடமும் விலை கேட்டார்கள். அவர்கள் சொன்ன தொகை எங்கள் நிலம் இருபது ஆண்டுகளில் தரக்கூடியதைவிட அதிகம். வீட்டில் பல இரவுகள் பேசினோம். மூத்த பிள்ளைக்குக் கல்லூரி நெருங்குகிறது. அத்தையின் மருத்துவச் செலவும் கூடிவருகிறது. கணக்கு மட்டும் பார்த்தால் விற்பதே அறிவு.

விற்காமலிருக்க ஒரு காரணம் ஏரி. மேட்டுக் கொல்லைகள் மனைகளானால் வரத்து வாய்க்கால் முதலில் சுருங்கும், பிறகு மறையும். எங்கள் நிலம் அந்த வாய்க்காலின் ஓரத்தில் ஐம்பது மீட்டருக்கு மேல் நீள்கிறது. நாங்கள் அங்கே இருக்கும்வரை அந்த ஐம்பது மீட்டரும் திறந்திருக்கும். நல்ல நாளில் ஏரி எங்கள் கிணற்றை நிரப்புகிறது. கெட்ட நாளில் எங்கள் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. அதற்கு நாங்கள் திருப்பித் தரக்கூடியது அந்த ஐம்பது மீட்டரே.

ஏரியின் கரையையும் மதகையும் வாய்க்காலையும் ஊரே கூடிச் செப்பனிடும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். காலனிய ஆட்சிக் காலத்தில் நீர்நிலைகள் அரசுத் துறையின் பொறுப்பாக மாறியபோது அது மெல்லத் தேய்ந்தது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் ஊரில் திட்டமாக அல்லாமல் பழக்கமாக அதை மீட்கும் முயற்சி 2025 கோடையில் நடந்தது. ஏக்கருக்கு ஓர் ஆள், ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் என்று முடிவாயிற்று. ஒன்றேகால் ஏக்கருக்கு ஒரே ஆள்தான் வரவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து இருவர் சென்றோம். வாய்க்கால் அரை கிலோமீட்டர் தூர்வாரப்பட்டது. கலங்கல் முள் இல்லாமல் இருக்கிறது. கரையில் இடைவெளி இருந்த இடங்களில் பிள்ளைகள் பனங்கொட்டை ஊன்றினார்கள். வராதவர்களும் உண்டு, சண்டையும் நடந்தது. அடுத்த கோடைக்கும் இது தொடருமா என்பது அடுத்த கோடையில்தான் தெரியும்.

தற்சார்பு முழுவதும் முடிகிறதா என்று கேட்கும் நண்பர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். ஐந்து பேர் கொண்ட ஒரு வீட்டுக்கு முடியாது. வாய்க்காலும் ஏரியும் விதையும் சேர்ந்த ஓர் ஊருக்கு ஏறத்தாழ முடியும். சிறுநிலத்துக்கு வர நினைப்பவர்கள் மண் பரிசோதனைக்கு முன் ஊரின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று நடந்து பார்க்கட்டும். நிலத்தின் விலையை விசாரிக்கும் அதே வாயால், ஏரிக்கரைக்கு யார் யார் மண்வெட்டி எடுத்து வருகிறார்கள் என்பதையும் விசாரிக்கட்டும். ஊன்றிய பனங்கொட்டைகளில் பாதிக்கு மேல் பீலி விட்டிருக்கின்றன. அவை கரையைப் பிடிக்கும் அளவுக்கு வளர இருபது ஆண்டுகளாவது ஆகும்.